இல்லத்தில் மீன் சமைக்கும் முறையும் தேகாரோக்கியமும்

(தாம்பரத்தில் கூடிய நமது சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, திருமணச் சிக்கனம், தொழில் அபிவிருத்தி முதலிய பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் இச்சங்கத்தில் பேசியிருக்கின்றனர். இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அடுக்களையைச் சார்ந்தது. மீன் குழம்பு வைப்பதற்கும் ஓர் உபந்நியாசமா என்று இளைஞர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் கல்வியும் செல்வமும் தேகத்தில் உயிர் நிலைத்திருக்கும்வரையே பயன்படுவன. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று, சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் கூடி நடத்திய ஆராய்ச்சி 2023-ம் ஆண்டில் வெளியிட்டது. நம்மவர் வசிக்கும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் ஆகிய ஊர்களில், நடுவயதிலேயே இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்துண்போர் ஒருவரேனும் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. இந்நோய்களைத் தடுப்பதற்கு உதவும் நல்லுணவு ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது. அதனை நோய்க்கு நோயாகும்படி சமைத்துக்கொள்ளுகிறோம். இதுவே யான் பேச வந்த காரணம்.

மீனில் உள்ள சத்துக்கள்

மீனிலுள்ள புரதம் எளிதில் ஜீரணமாகக்கூடியது. குழந்தைக்கும் முதியவர்க்கும் ஒருங்கே ஏற்றது. அயோடின், வைட்டமின் பி-12, வைட்டமின் டி முதலிய சத்துக்கள் அதில் உண்டு. நெத்திலி போன்ற சிறு மீன்களை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கின்றது. மத்தி, கவலை, காணாங்கெளுத்தி முதலிய கொழுப்புள்ள மீன்களில் ஒமேகா-3 என்னும் கொழுப்பு மிகுதி. இக்கொழுப்பு இருதயத்துக்கு இதமானது என்று வைத்தியர்கள் கருதுகின்றனர். வாரத்துக்கு இருமுறை மீன் உண்க என்றும், அதனை எண்ணெயில் பொரியாது உண்க என்றும் அமெரிக்க இருதயச் சங்கத்தார் உபதேசிக்கின்றனர். இவ்வுபதேசத்தின் பிற்பாதியையே நாம் சிறப்பாகக் கருத வேண்டும்.

நம் வீடுகளில் மீன் என்றால் வறுவல் என்றே பொருளாகிவிட்டது. விருந்தினர் வந்தால் தட்டில் வஞ்சிரத் துண்டு வறுத்து வைக்காவிடில் மரியாதைக் குறைவு என்று கருதுகிறோம். 65 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்க முதியோரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வேகவைத்தும் சுட்டும் மீன் உண்டவரிடையே இருதய நோயால் நேரும் மரணம் குறைந்திருந்தது. பொரித்த மீன் உண்டவரிடையே அக்குறைவு காணப்படவில்லை. இதன் காரணத்தை ஊகித்தல் கடினமன்று. நிறைய எண்ணெயில் மீனைப் பொரிக்குங்கால், மீனின் நல்ல கொழுப்பில் ஒரு பகுதி எண்ணெயில் இறங்குகின்றது. எண்ணெயின் கொழுப்பு மீனில் ஏறுகின்றது. விலை கொடுத்து வாங்கிய நன்மையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, வேண்டாத பாரத்தை வயிற்றில் ஏற்றிக்கொள்ளுகிறோம்.

வாங்கும் விதம்

சமையல், மீன் கடையிலேயே தொடங்குகின்றது. 1931-ம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின்னர், பட்டணத்துச் சரக்கு தென்புற ஊர்களுக்கு எளிதில் வந்து சேர்ந்தது. இன்று காசிமேட்டிலிருந்தும், சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையிலிருந்தும், கோவளம், நீலாங்கரை முதலிய கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் மீன் வருகின்றது. தூரம் கூடுந்தோறும் மீனின் வயதும் கூடுமாதலின், வாங்குவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நல்ல மீனின் கண் தெளிந்து புடைத்திருக்கும். செவுள் செக்கச் சிவந்திருக்கும். விரலால் அழுத்திய குழி உடனே மேலெழும்பும். கடல் நாற்றமன்றி வேறு நாற்றம் வீசாது. கண் குழிந்து செவுள் வெளுத்திருந்தும் உடல் மட்டும் விறைத்திருக்குமாயின் ஐயுறுக. 2018-ம் ஆண்டில் சென்னைச் சந்தைகளில் வாங்கிய மீன்களுட் சிலவற்றில், பிணங்களைக் கெடாது வைக்கப் பயன்படும் பார்மலின் என்னும் மருந்து கலந்திருந்ததாகச் சோதனையில் தெரிந்து, மக்கள் சில நாள் மீன் வாங்கவே அஞ்சியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள். அதனை வீட்டிலேயே கண்டறியும் சோதனைக் காகிதங்களைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார் அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். எனினும், பழகிய மீன்காரம்மாவிடம் வாடிக்கையாக வாங்குதலே நமக்கு எளிய காவல். நம் வீட்டுக் குழந்தையின் பெயரறிந்த அவ்வம்மையார், அழுகிய மீனை நம் தலையில் கட்ட எளிதில் துணியார்.

காணாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவற்றில் தனி எச்சரிக்கை வேண்டும். இவை வெயிலில் நெடுநேரம் கிடந்தால் ஒருவகை நஞ்சு இவற்றில் உண்டாகின்றது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் தோன்றும். எத்துணை நேரம் கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு நீங்காது. ஆதலின் பனிக்கட்டியில் வைத்து விற்பதையே வாங்கி, வீடு சேர்ந்ததும் தாமதியாது கழுவிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடித்தல் கூடாதென்பது சட்டம். மீன் இனம் பெருகுவதற்கென ஏற்பட்ட அந்நாட்களில் வஞ்சிரமும் வவ்வாலும் தேடி அலைந்து, எங்கிருந்தோ வந்த பழம் பனிக்கட்டி மீனுக்கு இரட்டை விலை கொடுத்தல் அறிவுடைமையன்று. அப்போது நாட்டுப்படகினர் கரையோரத்தில் பிடித்துவரும் சிறு மீன்களும், வளர்ப்புக் குளத்துக் கட்லா, ரோகு முதலியனவும் போதும். கொடுவா மீனையும் இப்போது குளங்களில் வளர்க்கின்றனர். அதன் குஞ்சுகளைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்யும் வித்தையை நம் அண்டையிலுள்ள முட்டுக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-ம் ஆண்டில் கைவரப் பெற்றனர். ஆனால் கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் தூண்டிலிட்டுப் பிடித்த மீனை, உயிரோடு துள்ளுகின்றது என்னும் ஒரே காரணத்தால் வாங்காதீர்கள். தொட்டியில் உயிருடன் விற்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அத்தகையதே. அதனை வளர்த்தலை இந்திய அரசினர் 2000-ம் ஆண்டிலேயே தடுத்துள்ளனர்.

சிறு மீனின் பெருமை

நமது மகாஜனங்களிடம் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. விலை உயர்ந்த மீனே சத்துள்ள மீன் என்பது அது. வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்கிற்குக் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும், இருதயத்துக்கும் எலும்புக்கும் அளிக்கும் நன்மையில் அதற்குச் சிறிதும் தாழ்ந்தனவல்ல. மத்தியை எண்ணெய் பிழிவதற்கும், தென்னைக்கு எருவிடுவதற்குமே மிகுதியாகச் செலவழித்த காலம் ஒன்றுண்டு. 1907-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மீன்துறையைத் தோற்றுவித்த சர் பிரடெரிக் நிக்கல்சன், மத்தி மீனில் தனிக் கருத்துச் செலுத்தினார். நூறாண்டு கழிந்த பின்னும் அதனை ஏழை மீன் என்று ஒதுக்குவோர் நம்மில் இருக்கின்றனர். வீட்டில் முள்ளெடுத்துத் தரும் பொறுமை குறைந்துவிட்டது என்பதே உண்மைக் காரணம். இரு வேளை சிறு மீனும், விசேஷ நாளில் ஒரு வேளை பெரு மீனும் என்று வகுத்துக்கொண்டால் உடலும் பணப்பையும் ஒருங்கே காக்கப்படும்.

பெரிய மீன்களைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கடலில் சிறு மீனைப் பெரு மீன் தின்னுந்தோறும், நீரில் கலந்த பாதரசம் பெரு மீனின் உடலில் சேர்ந்துகொண்டே வருகின்றது. ஆகவே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவை விலக்க வேண்டும் என்று அமெரிக்க அரசினர் எச்சரித்திருக்கின்றனர். நம் குடும்பங்களிலோ, பிரசவித்த பெண்ணுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்து கொடுத்தல் தொன்றுதொட்ட வழக்கம். நம் பாட்டிமார் அன்புடன் செய்ததை யான் குறை கூற வரவில்லை. அவர்கள் நாளில் கடலில் இத்துணைக் கழிவு கலக்கவில்லை. பாதரசத்தைப் பற்றி அறிவதற்கு வழியும் இருந்ததில்லை. அறிந்த பின் மாற்றிக்கொள்வது நம் கடமை. புட்டு நல்ல பண்டம். மீனை மட்டும் மாற்றுங்கள். நெத்திலியைத் தலை கிள்ளி ஆவியில் வேகவைத்து உதிர்த்தும், சங்கரா, கொடுவா முதலியவற்றின் சதையை முள் நீக்கி உதிர்த்தும் அதே பக்குவத்தில் புட்டு செய்யலாம். பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், மிளகு ஆகியவை எப்போதும்போல் சேரட்டும். தாயின் மனமும் நிறையும். பாட்டியின் கைப்பக்குவமும் அழியாது.

சமைக்கும் முறைகள்

முதலாவது, சுத்தம் செய்தல். செதிலும் செவுளும் குடலும் நீக்கிய முழு மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் இட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே துண்டமிடுக. துண்டங்களை நெடுநேரம் நீரில் ஊறவைத்தால் சுவை கழிந்துவிடும். கவிச்சு நாற்றத்துக்குக் காரணமான பொருளைப் புளிப்பு அடக்கும். புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒருமுறை அலசுதல் போதும். மீன் அரிந்த அரிவாள்மனையையும் பலகையையும் கழுவாது காய்கறி நறுக்குதல் கூடாது.

இரண்டாவது, குழம்பு. நம் நாட்டுப் புளிக்குழம்பைப் போல் மீனுக்கேற்ற பக்குவம் பிறிதொன்றில்லை. அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சங்காயளவு புளி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். தாளிப்பதற்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும்; குழம்பின்மேல் எண்ணெய் மிதந்தாலே ருசி என்பது ஓட்டல்காரர் கற்பித்த பாடம். வெந்தயம் தாளித்து, குழம்பு பச்சை வாசனை போகக் கொதித்துச் சுண்டிய பின்னரே மீனை இடுக. பெருந்துண்டம் எட்டு முதல் பத்து நிமிஷத்திலும், நெத்திலி நான்கைந்து நிமிஷத்திலும் வெந்துவிடும். கரண்டியிட்டுக் கிளறாது சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கக் கூடியதாதலின் மண்சட்டியே உத்தமம். அஃதில்லார்க்கு எவர்சில்வர் பாத்திரம். மறுநாள் குழம்பு சுவை மிக்கது என்பது உண்மையே. ஆயின் சென்னை வெயிலில் இரவு முழுதும் வெளியே வைத்திராமல், ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, உண்ணுமுன் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

மூன்றாவது, ஆவியில் வேகவைத்தல். மிளகு, பூண்டு, மஞ்சள், கொத்தமல்லித் தழை, சிறிது தேங்காய் ஆகியவற்றை அரைத்து மீன்மேல் தடவி, வாட்டிய வாழையிலையில் பொதிந்து, இட்டலிப் பானையில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வைத்தால் போதும். எண்ணெய் ஒரு துளியும் வேண்டா. பல் போன முதியவர்க்கும் காய்ச்சல் தெளிந்தவர்க்கும் இது மிக ஏற்றது.

நான்காவது, தோசைக்கல்லில் வாட்டுதல். வறுவலை அறவே விடுக என்று யான் சொன்னால் நாளையே நீங்கள் என்னை மறந்துவிடுவீர்கள். ஆகவே சட்டி நிறைய எண்ணெய் ஊற்றுவதை மட்டும் விடுங்கள். மசாலா தடவி அரைமணி நேரம் ஊறிய மீனை, இரும்புத் தோசைக்கல்லில் அரைக் கிலோவுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடியிட்டு மெல்லிய தீயில் இருபுறமும் வாட்டினால், மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் உண்டாகும். கருகவிடுதல் ஆகாது; கருகிய பகுதியை நீக்கிவிட வேண்டும். மிஞ்சிய எண்ணெயை மறுமுறை பயன்படுத்தாதீர்கள்.

சுட்டு உண்ணும் முறை நமக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக்கு வரும் பாணர்க்கு நெய்தல் நிலத்தார் உலர்ந்த குழல்மீனைச் சுட்டு அளிப்பதாகக் கூறப்பட்டிருக்கின்றது. எண்ணெய்ச் சட்டி இல்லாமலே நம் முன்னோர் விருந்தினரை மகிழ்வித்தனர் என்பதற்கு இதுவே போதிய சான்று.

கருவாடு

கருவாட்டை நம்மவர் எளிதில் விடார். கத்தரிக்காயும் கருவாடும் சேர்ந்த குழம்பின் மணம் யான் அறியாததன்று. எனினும் நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பே போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் அளவு. கருவாட்டுத் துண்டொன்றே அதில் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடக் கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை மாதத்தில் ஓரிரு வேளைக்கு மேல் உண்ணாதிருத்தல் நலம். உண்ணும் நாளில் வெந்நீரில் ஊறவைத்து, இருமுறை நீர் மாற்றிப் பிழிந்து, குழம்பில் தனியாக உப்பிடாது, கத்தரியும் முருங்கையும் வாழைக்காயும் மிகுதியாகவும் கருவாடு சிறிதாகவும் சேர்த்துச் சமையுங்கள். மணத்துக்கு நான்கு துண்டு போதும்.

பங்கீடு

சமைத்த பின் பரிமாறுதலிலும் ஒரு நீதி உண்டு. நடுத்துண்டம் வீட்டுத் தலைவருக்கும் மகனுக்கும். தலையும் வாலும் குழம்பும் சமைத்தவளுக்கும் மகளுக்கும் என்னும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் நடைபெறுகின்றது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையவர் என்று 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகின்றது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்கு, அவற்றுடன் உண்ணும் மீன் துணை செய்கின்றது. ஆகவே பள்ளிக்குச் செல்லும் மகளின் தட்டில் முருங்கைக்கீரையும் ஒரு நல்ல மீன் துண்டமும் சேர்ந்து விழுதல் வேண்டும். நம் சங்கம் பெண்கல்விக்கு நிதி திரட்டுகின்றது. படிக்கும் பெண் வகுப்பில் சோர்ந்து தலை சாய்ப்பாளாயின் அந்நிதி என்ன செய்யும்? அண்மையிற் சமைக்கக் கற்க வேண்டியவர் மகளிர் மட்டுமல்லர். மீன் கழுவத் தெரிந்த மருமகன் கிடைத்தால் அதுவும் ஒரு சீதனமே.

வாடகை வீடும் வெளியுணவும்

இறுதியாக, வருத்தந் தரும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. தென்புற ஊர்களில் வீடு தேடும் இளந்தம்பதிகள், ‘மாமிசம் சமைப்பவருக்கு வீடில்லை’ என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்பி வருவது இன்றும் நிகழ்கின்றது. வேறு வழியின்றி அத்தகைய வீட்டில் குடியேறுவோர், மீன் ஆசையைத் தெருவோரத்து வறுவல் கடையிலும், தொலைபேசியில் வரவழைக்கும் பொட்டலத்திலும் தீர்த்துக்கொள்ளுகின்றனர். அங்கே காலையில் ஊற்றிய எண்ணெய் இரவு வரை கொதிக்கின்றது. பலமுறை காய்ந்து கெட்ட எண்ணெயைப் பயன்படுத்துதல் ஆகாதென்று 2018-ம் ஆண்டு ஜூலை முதல் அளவு வகுத்துச் சட்டம் இருக்கின்றது. கடைதோறும் அதனைச் சோதிப்பார் யார்? மீன் சிவப்பாகத் தோன்றுவதற்குச் சாயப்பொடி சேர்ப்பாரும் உண்டு. இவ்வாறு, அடுக்களையில் மூடப்பட்ட கதவு அவர்களை நோய்க்கு அருகே கொண்டுசெல்லுகின்றது.

மூடியிட்டு வேகவைத்தலாலும், கழிவைக் காகிதத்தில் சுற்றி உடனே அகற்றுதலாலும், சமைத்த பின் பாத்திரத்தில் எலுமிச்சைத் தோல் இட்டுக் கொதிக்க வைத்தலாலும் வாசனை பெரிதும் அடங்கும். இது அண்டை வீட்டார்க்கு நாம் காட்டும் மரியாதை. ஆனால் உண்ணும் உணவுக்காக நாணி ஒளிய வேண்டுவதில்லை. நம்மவரிலும் பலர் இன்று மாடி கட்டி வாடகைக்கு விடுகின்றனர். வரும் குடித்தனக்காரர் எச்சமூகத்தாராயினும், ‘நீங்கள் என்ன சமைப்பீர்கள், நீங்கள் யார்’ என்னும் வினாவை நாம் கேளாதிருத்தல் வேண்டும். நமக்கு நேர்ந்த இழிவைப் பிறர்க்குச் செய்தல் நமக்கு அழகன்று. இச்சங்கத்து அங்கத்தினர் இவ்வொன்றை மேற்கொள்ளுவாராயின் என் பேச்சு பயன் பெற்றதாகக் கருதுவேன்.

நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. ஆண்டு விழா விருந்தில் இவ்வாண்டு பொரித்த மீனுக்கு மாற்றாக மண்சட்டிக் குழம்பும், வாழையிலை மீனும் வைத்துப் பாருங்கள். சபையில் மரியாதை பெற்ற பண்டம் வீட்டிலும் மரியாதை பெறும். வாரம் இருமுறை மீன், அதிலும் சிறு மீன், எண்ணெய் கரண்டிக் கணக்கில், உப்பு அளவாக, துண்டம் எல்லோர்க்கும் சமமாக. இவற்றை இன்றிரவே உங்கள் இல்லத்துப் பெரியோருடன் கலந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் நடத்திப் பார்க்குமாறு வேண்டிக்கொள்ளுகிறேன்.